அந்த ஊசியில் என்ன இருந்தது, டாக்டர்?

டாக்டர், நீங்கள் என்னை மூன்று முறை சாகடிக்கப் பார்த்தீர்கள். இரண்டு முறை ஊசியால். மூன்றாவது முறை பொய்யால்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கேஸ் போடுவீர்கள் என்று சொன்னார்கள். போகட்டும். எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற எல்லோருக்கும் யாரென்று தெரியும். உங்களுக்கும் தெரியும். மற்றவர்கள் அவரவர் தெருமுனை கிளினிக்கை நினைத்துக்கொள்ளட்டும். திருப்பூரில் அப்படி ஒன்று இல்லாத தெரு குறைவு.

என் பெயர் ஜெயராணி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவள். என் வீட்டுக்காரர் செல்வராஜ் சாயப்பட்டறையில் துணி மூட்டை ஏற்றி இறக்குகிறார். பிரின்சி என்று ஒரு மகள், எட்டாவது படிக்கிறாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பீஸ் கணக்கில் கூலி. படுத்தால் கூலி இல்லை. அதனால் காய்ச்சல் என்றால் நாங்கள் படுக்க மாட்டோம், ஊசி போட்டுக்கொள்வோம். "நாளைக்கு வேலைக்குப் போகணும் சார், ஊசி போட்டு விடுங்க" என்று நாங்களே கேட்போம். இடுப்பில் ஒரு ஊசி, கையில் ஒரு காகிதக் கவர். கவருக்குள் அட்டையிலிருந்து உரித்த மாத்திரைகள். காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள். எந்த மாத்திரைக்கும் பெயர் கிடையாது. ஒருமுறை கேட்டதற்கு, நர்ஸ் என்று நாங்கள் கூப்பிடும் உங்கள் கிளினிக் பெண் சிரித்தாள். "பேரு தெரிஞ்சா நீங்களே மெடிக்கல்ல வாங்கிக்குவீங்களேக்கா. அப்பறம் சாருக்கு என்ன பொழப்பு?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். உண்மையும் அதுதான்.

முதல் முறை ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல். சாயங்காலம் உங்களிடம் ஊசி போட்டுக்கொண்டு போய் உலை வைத்தேன். சோறு வடிக்கும்போது உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து, இடுப்பு, தொடை. எறும்புப் புற்றில் தள்ளிவிட்டது போல இருந்தது. பார்த்தால் உடம்பெல்லாம் தோசை தோசையாகத் தடிப்பு. மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. சொரிந்து சொரிந்து நகக்கண்ணில் இரத்தம் வந்தது. பிரின்சி என் முகத்தைப் பார்த்து அலறினாள்.

காலையில் உங்களிடம் ஓடி வந்தேன். என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"எங்கீங்க வேலை?"

"பனியன் கம்பெனி சார். ஓவர்லாக்."

"கலர் துணிங்களா?"

"ஆமா சார்."

"அப்பறம் என்னங்க? பஞ்சு அலர்ஜி. சாயமும் சேர்ந்திருக்கும். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இதுதானுங்க."

"ஊசி போட்ட பொறவுதான சார் வந்துச்சு?"

"இத்தனை வருசமா எங்கிட்டதான ஊசி போடறீங்க? இத்தனை நாள் வராதது இன்னைக்கு வந்துருமாக்கும்? நீங்க டெய்லருங்களா, டாக்டருங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஞ்சிலும்தான் இத்தனை வருசமாக உட்கார்ந்திருக்கிறேன், அது மட்டும் இன்றைக்கு எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் தும்மினால் பஞ்சு, அரித்தால் சாயம். பஞ்சு கண்ணுக்கு முன்னால் பறக்கிறது. ஊசிக்குள் இருப்பது தெரிவதில்லை. அதனால் நீங்கள் சொன்னதை ஊரே நம்பும். நானும் நம்பினேன்.

நம்பி என்ன செய்தேன் தெரியுமா? கலர் துணி தைக்கும் கம்பெனியை விட்டேன். பழகிய மெஷினை விட்டு, வெள்ளை பனியன் மட்டும் தைக்கும் சின்ன யூனிட்டுக்குப் போனேன். கூலி குறைவு, தூரம் அதிகம். வீட்டிலிருந்த கலர் நைட்டி, கலர் புடவை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். செல்வராஜ் பட்டறையிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் வெள்ளைப் புடவையில் கிளம்பினால் அவருக்குக் கோபம் வரும்.

"ஏட்டி, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். பாக்குறவன் என்ன நினைப்பான்?"

"மடத்துல சிஸ்டராப் போயிட்டான்னு நினைக்கட்டும்."

"சிஸ்டரு இந்தப் பேச்சுப் பேச மாட்டா."

இப்படிச் சிரித்துக்கொண்டே பல மாதம் ஓட்டினோம். ஒருமுறைகூடத் தடிப்பு வரவில்லை. பார்த்தாயா, டாக்டர் சொன்னது சரி என்று நினைத்தோம். காய்ச்சலும் வரவில்லை, ஊசியும் போடவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாம் முறை ஷிப்மெண்ட் நெருக்கத்தில். ஒன்றரை ஷிப்ட் தொடர்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. காய்ச்சலும் அடித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வேன் எங்கள் பக்கம் சரக்கு இறக்கப் போனது. டிரைவர் பழனிச்சாமி அண்ணன், வெள்ளகோவில்காரர், "ஏறுங்க அம்மிணி, ஊசி ஒண்ணு போட்டுட்டு வந்துரலாம்" என்று கூட்டி வந்து உங்கள் வாசலில் இறக்கிவிட்டார்.

அன்றைக்கு நான் சொன்னேன், டாக்டர். மறுக்காதீர்கள். "போன தடவை ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுது சார்" என்று சொன்னேன்.

நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "அது பஞ்சுனுதான் சொன்னனேம்மா. செரி, அலர்ஜிக்கும் சேர்த்து ஒண்ணு போட்டுடறேன். தைரியமாப் போங்க."

இரண்டு ஊசி. ஒன்று கையில், ஒன்று இடுப்பில். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

எதிரே இருக்கிற பேக்கரியில் அண்ணன் டீ சொல்லியிருந்தார். டீயைக் கையில் வாங்கவில்லை, உள்ளங்கை தீப்பிடித்தது. உள்ளங்காலும். காதுக்குள் கொதித்தது. வயிற்றை யாரோ பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். பேக்கரி வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தேன், என் குரல் வரவில்லை. நாய் குரைப்பது போல ஏதோ வந்தது. தொண்டைக்குள் ஒரு முஷ்டி நுழைந்து விரிந்தது. செத்துப்போகப் போகிறேன் என்று தெரிந்தது. அது பயமில்லை, பயம் வேறு. மழை வரப்போகிறது என்று தெரிவது போல அது தெரிந்தது.

அண்ணன் என்னை அள்ளிக்கொண்டு உங்கள் அறைக்குள் வந்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஸ்டூலில் உட்கார வைத்தீர்கள். "ஊசிக்குப் பயந்துட்டீங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றீர்கள். இழுக்க வழியிருந்தால் நான் ஏன் உங்கள் மேசையைப் பிறாண்டுகிறேன்? என் துணி நனைந்தது. வரிசையில் இருந்த ஆண்கள் முன்னால் எனக்குச் சிறுநீர் போனது. கண் இருட்டிச் சரிந்தேன். சரிந்தவளைப் பிடித்து மறுபடி நிமிர்த்தி உட்கார வைத்தீர்கள். இன்னொரு அலர்ஜி ஊசி போட்டீர்கள். பிறகு உங்கள் முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். "பிரசர் இறங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இங்க வெச்சுக்க முடியாது" என்றீர்கள். நாங்கள் படியிறங்கும்போது பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

வேனில் படுக்க வைக்கச் சீட் கிடையாது. பின்னால் முழுக்கப் பனியன் கட்டு. அண்ணன் என்னை அந்தக் கட்டுகள் மேல் ஒருக்களித்துக் கிடத்தினார். எந்தப் பஞ்சு என்னைக் கொல்லும் என்று நீங்கள் சொன்னீர்களோ அதன் மேல் முகத்தை வைத்துக் கிடந்தேன். ஹாரனை அழுத்திய கையை அவர் எடுக்கவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "அக்கட்டால போங்கடா! உசுரு போகுது, அக்கட்டால போங்கடா!" நடுநடுவே என்னிடம் திரும்பி, "அம்மிணி, கண்ண மூடிப் போடாதீங்க. உங்க ஊட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லோணும். முழிச்சிருங்க அம்மிணி" என்று கெஞ்சினார். வேகத்தடையில் வண்டி எகிறியபோதெல்லாம் என் தலை தகரத்தில் மோதியது. வலித்தது. வலிக்கிறதே, இன்னும் சாகவில்லை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர். யாரோ கத்தரிக்கோலால் என் சுடிதார் பேண்டைத் தொடை வரை கிழித்தார்கள். டியூட்டி டாக்டரம்மா ஒருத்தர், என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார், சின்ன வயசு. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொடையின் வெளிப்பக்கம் ஒரு ஊசியை ஓங்கிக் குத்தினார். கால்களைத் தூக்கி வைத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன், இரண்டு கையிலும் டிரிப்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு குதிரை மாதிரி உதைத்தது. கைகால் வெடவெடவென்று ஆடியது. அப்புறம் தொண்டைக்குள் இருந்த முஷ்டி விரல் விரலாக விட்டது. ஒரு மூச்சு உள்ளே போனது. அந்த ஒரு மூச்சுக்காக நான் அந்தப் பெண்ணின் காலில் விழுவேன்.

அந்த மருந்தின் பெயர் அட்ரினலின். இதைப் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டாக்டரம்மா மறுநாள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எனக்கு வந்ததற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். ஒரு மருந்தையோ உணவையோ பூச்சிக்கடியையோ உடம்பு எதிரி என்று முடிவு செய்து, ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் சண்டை போடுவது. தோல் மட்டும் தடித்தால் அது வெறும் அலர்ஜி. தோலோடு சேர்ந்து மூச்சோ, பிரசரோ, வயிறோ அடிபட்டால் அது உயிருக்கு வைக்கும் தீ. சில பேருக்குத் தடிப்பே வராமலும் வரும். இரத்தக் குழாய்கள் தொளதொளத்துப் பிரசர் விழும், தொண்டை வீங்கும். அட்ரினலின் மட்டும்தான் அதை உடனே நிறுத்தும். அலர்ஜி ஊசி அரிப்பை அடக்கும், தொண்டையைத் திறக்காது. பிரசர் விழுந்த ஆளை உட்கார வைக்கவே கூடாது, நிற்க வைக்கவும் கூடாது. காலைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். உட்கார வைத்தால் இருக்கிற இரத்தமும் காலுக்கு இறங்கி இதயம் காலியாகிவிடும்.

"ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க டாக்டர்" என்றேன்.

அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, "வேன்ல படுக்க வெச்சாரே, அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றார்.

அட்ரினலின் ஒன்றும் தங்கக் காசு இல்லை, டாக்டர். சாதாரண விலை, சின்னக் குப்பி. ஊசி போடுகிற ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டியது. உங்கள் அறையில் சாமி படம் இருந்தது, டிவி இருந்தது, மீன் தொட்டி இருந்தது. அது இல்லை.

செல்வராஜ் பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். கை முழங்கை வரை நீலம். வாசலில் செக்யூரிட்டி தடுத்ததற்கு அவனைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரவில்லை. சுவரோரமாக நின்றார்.

"கிட்ட வாங்க" என்று சைகை காட்டினேன்.

"சட்டையெல்லாம் சாயமா இருக்குட்டி. வேண்டாம்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் கதையைச் சொன்னோம். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அண்ணா, அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. கையப் பிடிச்சுக்கங்க. சாயம் ஒண்ணும் பண்ணாது" என்றார். என் வீட்டுக்காரர் அந்த நீலக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். இத்தனை மாதம் வாசலில் சட்டையைக் கழற்றிய மனுஷன்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அட்மிட் ஆன அன்றைக்குச் சாயங்காலமே பால் குடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி உதடு தடித்தது, மூச்சு விசிலடித்தது. ஆகாத மருந்தை மறுபடி தொடாமலே இரண்டாவது அலை ஒன்று வரும், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம் என்றார்கள். மறுபடி தொடையில் ஒரு குத்து. பக்கத்துக் கட்டில் அம்மாள் செபம் சொன்னாரோ, என்னைத் திட்டினாரோ, தெரியவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. மூச்சு விடும் நேரத்தில் எல்லாம் திட்டினேன். திட்டுவதற்காவது மூச்சு வேண்டும் என்று மூச்சு விட்டேன்.

இனி மூன்றாவது முறைக்கு வருகிறேன்.

மறுநாள் டாக்டரம்மா உங்களுக்குப் போன் போட்டார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார். என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். எது என்று தெரிந்தால்தான் வாழ்நாள் முழுக்க அதைத் தொடாமல் இருக்க முடியும். நீங்கள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். "பாராசிட்டமால் ஊசியும், அலர்ஜி ஊசியும். வேற எதுவும் இல்லையே சார்? வலி ஊசி ஏதாவது? இல்லையா? சரி சார்."

போனை வைத்துவிட்டு யோசித்தார். "பாராசிட்டமால்ல இவ்வளவு பெருசா வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா ஒரு டாக்டர் சொல்றாரு, நான் எழுதித்தான் ஆகணும்." பாராசிட்டமால் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதினார். சில வாரம் கழித்துக் கோயமுத்தூரில் அலர்ஜி டாக்டரைப் பார்த்துப் பரிசோதனை செய்யச் சொன்னார். உடனே செய்தால் சரியாகத் தெரியாதாம். உடம்பு இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கும், மறுபடி ஊற வேண்டுமாம்.

வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு லீவு. வேறொரு டாக்டர் வந்தார். இடுப்பு வலி தாங்கவில்லை என்றேன். சிவப்பு எழுத்தைப் பார்த்தார். "பாராசிட்டமால் ஆகாதா? அப்ப இதப் போடுங்க" என்று வேறு ஒரு வலி மாத்திரை எழுதினார். பில்லைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: என் மகளின் கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தேன். மாத்திரை அட்டை பக்கத்தில். பிரின்சி கஞ்சி காய்ச்சினாள். கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போடலாம் என்று ஆறவிட்டுக் காத்திருந்தேன். செல்வராஜைக் காணவில்லை.

அவர் எங்கே போயிருந்தார் தெரியுமா, டாக்டர்? உங்கள் கிளினிக்குக்கு. பாராசிட்டமாலில் இப்படி வருவது அபூர்வம் என்று டாக்டரம்மா சொன்னது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியாது. மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலி இல்லாத நாள் கிடையாது. வரிசையில் உட்கார்ந்து, "உடம்பு வலி, காய்ச்சல் மாதிரி இருக்கு சார், நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். நீங்களும் எல்லோருக்கும் போடுவதைப் போட்டீர்கள். உங்கள் கிளினிக் பெண் குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சியதும், அவர் இடுப்பைக் காட்டிக்கொண்டே கையை நீட்டிக் குப்பையிலிருந்து அந்தக் காலிக் குப்பியை எடுத்திருக்கிறார்.

"அண்ணா, அது கண்ணாடிங்க, கையக் கிழிச்சுப்போடும்" என்று அவள் பறிக்கப் பார்த்தாளாம்.

"கிழிக்கட்டும். எம் பொண்டாட்டி தொண்டையவே கிழிச்சிட்டீங்க."

வீட்டுக்குள் வந்தபோது கையில் இரத்தம் வடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். "ஊசியும் வாங்கிட்டேன், குப்பியும் வாங்கிட்டேன். காசும் குடுத்துட்டேன். இந்தா, பிரின்சி, என்னன்னு படி."

பிரின்சி எழுத்துக் கூட்டிப் படித்தாள். டைக்ளோஃபினாக். வலி ஊசி. நீங்கள் போடவேயில்லை என்று சொன்ன வலி ஊசி.

"பாராசிட்டமாலு இல்லையா அது?" என்றார் செல்வராஜ்.

பிரின்சி என் பாயருகே கிடந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். பின்பக்கம் திருப்பினாள். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் குப்பியோடு சேர்த்துப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டும் ஒரே மருந்துமா."

கஞ்சி ஆறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் அதை விழுங்கியிருப்பேன். இந்த முறை வேன் இல்லை, பழனிச்சாமி அண்ணன் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. மகளும் நானும் மட்டும் ஒரு அறையில். எனக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தை ஆகாது என்றும், என்னைக் கொல்லும் மருந்தை அதற்குப் பதிலாகவும் என் கையில் கொண்டுவந்து வைத்தது உங்கள் பொய்.

அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் கிளினிக்கில் நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். குடித்துவிட்டு வந்து அடித்தார்கள் என்கிறீர்கள். செல்வராஜ் குடிப்பதில்லை. உங்கள் சட்டையைப் பிடித்தார், அது உண்மை. பழனிச்சாமி அண்ணன் நடுவில் விழுந்து, "உடுங்க மாப்ள, அடிச்சா அவன் தப்பிச்சுப்போடுவான்" என்று இழுத்தார். குப்பியைக் காட்டி நான் கேட்டேன். "இதுவா போட்டீங்க எனக்கு?"

"அது வேறயாளுக்குப் போட்டதுங்க. உங்களுக்குப் போட்டது எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் இல்லைன்னா பாராசிட்டமால்னு எப்படிச் சொன்னீங்க?"

நீங்கள் போலீசுக்குப் போன் போடப் போனீர்கள். மேசையைக் கவிழ்த்தது நான்தான். இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன். டப்பாக்கள் உடைந்து மாத்திரைகள் அறை முழுக்க உருண்டன. வெள்ளை, மஞ்சள், ரோஸ். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டி, "இது என்ன மாத்திரை?" என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. வெள்ளையில் நாலைந்து வகை இருந்தது. நாங்கள் வெளியே வந்து பார்க்கும்போது, அவள் துடைப்பத்தால் கூட்டி, வெள்ளையை வெள்ளையோடும் மஞ்சளை மஞ்சளோடும் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

கோயமுத்தூர் அலர்ஜி டாக்டர் வயசானவர், அதிகம் பேசாதவர். அவருடைய காத்திருப்பு அறையில் பாதிப் பேர் திருப்பூர்க்காரர்கள். பேசிப் பார்த்தேன். ஒருத்தருக்கு இறால், ஒருத்தருக்குக் குளவி, ஒரு அம்மாவுக்கு ஆன்டிபயாட்டிக். எல்லோருக்கும் முதலில் சொல்லப்பட்டது பஞ்சு அலர்ஜி.

முன்கையில் கோடு போட்டுச் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து நுனி ஊசியால் கீறினார்கள். பஞ்சுத் தூசி, ஒன்றுமில்லை. பிறகு தோலுக்குள் மிகமிகக் கொஞ்சமாக வலி மருந்தை ஏற்றினார்கள். அது மட்டும் கொசு கடித்தது போல எழுந்து, பார்க்கப் பார்க்கப் பெருகிச் சிவந்தது. இந்த வகை மருந்துக்கு இந்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது, எனக்கு நடந்த கதையும் சேர்ந்துதான் சாட்சி என்று நேர்மையாகச் சொன்னார். இன்னொரு நாள் வரச் சொல்லி, பக்கத்தில் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டு, பாராசிட்டமாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். செல்வராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடிப்பும் வரவில்லை. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

"அட்ரினலின் கையோட வெச்சுக்கணுமா டாக்டர்?"

"குளவிக் கடிக்காரங்களுக்கு வேணும். உங்க எதிரி காத்துல பறந்து வராதும்மா. யாராவது கொடுத்தாத்தான் வரும். யார் என்ன கொடுத்தாலும் பேரக் கேளுங்க. பேரு சொல்லலைன்னா எழுந்து வந்துடுங்க."

டைக்ளோஃபினாக்கும் அதன் சொந்தக்கார வலி மருந்துகளும் ஆகாது என்று ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுத்தார். சிலுவை தொங்கும் அதே கயிற்றில் அதையும் கோத்திருக்கிறேன்.

பழைய கம்பெனிக்கே திரும்பிவிட்டேன். முதல் நாள் ஒரு சிவப்புத் துணிக் கட்டைப் பிரித்து, அதில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். பக்கத்து மெஷின்காரி, "என்னக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள். ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கிளினிக் திறந்துதான் இருக்கிறது, டாக்டர். வரிசை நின்றுதான் இருக்கிறது. என்னோடு தைக்கிறவர்கள் இன்றைக்கும் உங்களிடம்தான் இடுப்பைக் காட்டுகிறார்கள். அவர்களில் யாருடைய உடம்பு, இத்தனை வருசம் ஏற்றுக்கொண்ட மருந்தை அடுத்ததாக எதிரி என்று முடிவு செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

தவறு யாருக்கும் வரும். முதல் ஊசியை மன்னித்துவிடலாம். கேட்டும் கேட்காமல் போட்ட இரண்டாவது ஊசியைக்கூட, எனக்கு மனசு வராது, ஆனால் மன்னிக்கிறவர்கள் இருப்பார்கள். ஒரு உயிரைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போனில் நீங்கள் சொன்ன பொய்யை யார் மன்னிப்பார்கள்? அதற்கு எனக்குப் பதில் வேண்டும். வக்கீல் மூலமாக வேண்டாம். ஆள் விட்டுப் பணம் பேச வேண்டாம், ஏற்கெனவே பேசிப் பார்த்துவிட்டீர்கள்.

வருகிற சனிக்கிழமை கூலி நாள். சாயங்காலம் உங்கள் வரிசை பேக்கரி வரைக்கும் நிற்கும். நானும் நிற்பேன். செல்வராஜும் அந்தக் குப்பியோடு நிற்பார். அடிக்க மாட்டோம். நீங்கள் அறையை விட்டு வெளியே வந்து, படியில் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்: என் உடம்பில் நீங்கள் ஏற்றியது என்ன? அது தெரிந்தும் வேறு பெயரை ஏன் சொன்னீர்கள்?